புது எஸ்.எஸ்.டி. வாங்கியாயிற்றா? முதல் வாரத்திலேயே சோதித்துப் பாருங்கள்!



கம்போங் மேடானிலிருந்து ஓர் அம்மா இப்படிக் கேட்டிருக்கிறார்: "என் மகள் ஆறாம் படிவம் படிக்கிறாள். வீட்டிலிருக்கும் பழைய மடிக்கணினி திறப்பதற்கே பத்து நிமிடம் ஆகிறது. எஸ்.எஸ்.டி. மாற்றினால் புதிது போல் ஓடும் என்றார்கள். இணையக் கடையில் மலிவாக ஒன்று வாங்கினோம். பெட்டி புதிதாகத்தான் இருக்கிறது. ஆனால் உள்ளே இருப்பதும் புதிதுதானா, நல்லதுதானா என்பது எங்களைப் போன்றவர்களுக்கு எப்படித் தெரியும்?"

நல்ல கேள்வி, அம்மா. இதை எல்லாரும் கேட்க வேண்டும். ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்பார்கள் நம் பெரியவர்கள். கடையில் வாங்கிய பொருளை அளந்து பார்க்காமல் விடலாமா?

இங்கே ஆபத்து டிஸ்க்குக்குக் கொடுத்த வெள்ளிக்கு மட்டுமல்ல. இரண்டு மாதம் கூடுதல் நேரம் வேலை செய்தால் அந்த வெள்ளியைத் திரும்பச் சம்பாதித்துவிடலாம். ஆனால் அந்தச் சின்னத் தகட்டுக்குள் எதையெல்லாம் போடுகிறோம்? பிள்ளையின் பாட ஆய்வேடு, வேலைக்கு அனுப்பிய விண்ணப்பம், பிறப்புப் பத்திரத்தின் படி, தாத்தாவின் பழைய படங்கள், தோட்டத்துக் கோயில் திருவிழாப் படங்கள் என்று எல்லாமே அதற்குள்தான் போகின்றன. தோட்டம் விற்கப்பட்டு, லயம் இடிக்கப்பட்டு, இன்று அங்கே வீடமைப்புத் திட்டம் நிற்கிறது. அந்த இடத்துக்கு மிச்சமிருக்கும் சாட்சி அந்தப் படங்கள்தான் என்ற நிலையில் எத்தனை குடும்பங்கள் இருக்கின்றன! ஆகவே, போடுவதற்கு முன் பெட்டியைச் சோதிக்க வேண்டும்.

ஹார்ட் டிஸ்க் போய் எஸ்.எஸ்.டி. வந்த கதை

கம்போங் மேடான் வட்டாரத்தாருக்கு டிஸ்க் என்பது அந்நியமான பொருள் அல்ல. அங்கிருந்து அதிகத் தொலைவில்லாத சுங்கைவே தடையற்ற வாணிப வட்டாரத்தில் வெஸ்டர்ன் டிஜிட்டல் நிறுவனத்தின் ஹார்ட் டிஸ்க் தொழிற்சாலை இருந்தது. அதை மூடப்போவதாக 2018-ஆம் ஆண்டு ஜூலை மாதம் நிறுவனம் அறிவித்தது. 2019-ஆம் ஆண்டு இறுதிக்குள் மூடுவது என்பது திட்டம். ஹார்ட் டிஸ்க்குக்குத் தேவை குறைந்து வருகிறது, எஸ்.எஸ்.டி.க்குத் தேவை கூடி வருகிறது என்பதே அதற்குச் சொல்லப்பட்ட காரணம்.

ஹார்ட் டிஸ்க்குக்குள் ஒரு தட்டு சுழலும். அதன்மேல் ஊசி போன்ற ஒன்று ஓடும். கெட்டுப்போகும் காலம் வந்தால் பெரும்பாலும் 'கடகட' என்று சத்தம் போட்டு நம்மை எச்சரிக்கும். எஸ்.எஸ்.டி.யில் அசையும் உறுப்பே கிடையாது; எல்லாம் சில்லுகள்தான். அதனால்தான் அவ்வளவு வேகம். ஆனால் அதற்குச் சத்தமும் இல்லை. நேற்று இரவு நன்றாக வேலை செய்தது இன்று காலை ஊமையாகிவிடக் கூடும்.

அந்தச் சில்லுகளுக்கு ஆதாரமான ஃபிளாஷ் நினைவகத்தை ஜப்பானின் தொஷிபா நிறுவனத்தில் பணியாற்றிய ஃபூஜியோ மசுவோக்கா என்ற பொறியியலாளர் 1980-களில் உருவாக்கினார். அதில் கோடிக்கணக்கான நுண்ணிய அறைகள் உண்டு. ஒவ்வோர் அறையிலும் மின்னூட்டத்தைப் பிடித்து வைத்துத்தான் நம் படமும் எழுத்தும் சேமிக்கப்படுகின்றன. அழித்து எழுத எழுத அந்த அறையின் சுவர் கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்கிறது.

பால்மரத்தை நினைத்துப் பாருங்கள். ஒரே இடத்தில் ஆழமாகச் சீவிக்கொண்டே போனால் மரம் என்னவாகும்? கைதேர்ந்தவர் மெல்லியதாகச் சீவுவார். ஒரு பக்கத்துப் பட்டை முடிந்தால் மறு பக்கம் மாறுவார். எஸ்.எஸ்.டி.க்குள் இருக்கும் கட்டுப்பாட்டுச் சில்லும் அப்படித்தான். ஒரே அறையில் எழுதாமல் எல்லா அறைகளுக்கும் வேலையைப் பகிர்ந்து கொடுக்கும். ஒரு வித்தியாசம் உண்டு. மரத்தில் பட்டை மறுபடியும் வளரும். இங்கே தேய்ந்தது தேய்ந்ததுதான்.

அதற்காகப் பயந்துவிட வேண்டாம். நல்ல நிறுவனங்கள் எவ்வளவு எழுதலாம் என்று கணக்குக் கொடுக்கின்றன. உதாரணமாக, சாம்சுங் 870 ஈவோ 500 ஜி.பி. எஸ்.எஸ்.டி.க்கு ஐந்தாண்டு உத்தரவாதம், அல்லது 300 டி.பி. எழுதும் வரை, இரண்டில் எது முந்துகிறதோ அது. ஒரு நாளைக்கு 20 ஜி.பி. எழுதினாலும் ஆண்டுக்கு ஏழு டி.பி.க்குச் சற்று மேல்தான் ஆகும். அந்த 300 டி.பி. முடிய நாற்பது ஆண்டு செல்லும். ஆகவே, உண்மையான புது டிஸ்க் சாதாரண வீட்டு வேலையில் தேய்ந்தே சாவது அரிது. நாம் அஞ்ச வேண்டியது வேறு மூன்றுக்கு: போலிச் சரக்கு, பழையதைப் புதிது என்று விற்பது, தொழிற்சாலைக் குறை. மூன்றையும் கண்டுபிடிக்க நல்ல காலம் முதல் வாரம். அப்போதுதான் திருப்பிக் கொடுக்க வழி இருக்கும்.

முதற்படி: பெட்டியும் வரிசை எண்ணும்

பெட்டியைப் பிரிக்கும்போதே கைப்பேசியில் காணொளி எடுத்து வையுங்கள். தகட்டின்மேல் ஒட்டியிருக்கும் வரிசை எண்ணும் பெட்டியின்மேல் உள்ள எண்ணும் ஒன்றாக இருக்கின்றனவா என்று பாருங்கள். பிறகு அந்த நிறுவனத்தின் சொந்த இணையத்தளத்துக்குச் சென்று, உத்தரவாதம் பார்க்கும் பகுதியில் அந்த எண்ணைத் தட்டுங்கள். எண்ணே இல்லை என்றாலோ, உத்தரவாதம் எப்போதோ தொடங்கிவிட்டது என்றாலோ விழித்துக்கொள்ளுங்கள்.

இணையக் கடையில் வாங்கியவர்கள் ஒன்றை மறக்க வேண்டாம். 'பொருளைப் பெற்றுக்கொண்டேன்' என்ற பொத்தானை அழுத்தினால் பல கடைகளில் பணம் விற்றவர் கைக்குப் போய்விடும். சோதனை முடிந்த பிறகே அழுத்துங்கள். கெடு எத்தனை நாள் என்பதை முன்கூட்டியே பார்த்து நாள்காட்டியில் குறித்து வையுங்கள்.

இரண்டாம் படி: டிஸ்க்கின் நாடியைப் பிடித்தல்

ஒவ்வோர் எஸ்.எஸ்.டி.யும் தன்னைப் பற்றிய குறிப்பேடு ஒன்றைத் தானே எழுதி வைக்கிறது. அதற்கு ஸ்மார்ட் என்று பெயர். எத்தனை மணி நேரம் ஓடியது, எத்தனை முறை திறக்கப்பட்டது, எவ்வளவு எழுதப்பட்டது, எத்தனை பிழை நேர்ந்தது எல்லாம் அதில் இருக்கும். அதைப் படித்துக் காட்டக் கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ என்ற இலவச மென்பொருள் உண்டு. ஜப்பானியர் ஒருவர் எழுதியது. சாம்சுங், கிங்ஸ்டன் போன்ற நிறுவனங்கள் தங்கள் டிஸ்க்குக்கென்று தாங்களே இலவச மென்பொருள் கொடுக்கின்றன. எதுவானாலும் உரியவரின் தளத்திலிருந்தே இறக்குங்கள். கண்ட இடத்தில் இறக்கினால் வியாதியும் சேர்ந்து வரும்.

புது டிஸ்க்கை மடிக்கணினிக்குள் பொருத்தி, அல்லது யு.எஸ்.பி. உறையில் போட்டு இணைத்து, மென்பொருளைத் திறந்து பாருங்கள். சில மலிவான யு.எஸ்.பி. உறைகள் இந்தக் குறிப்பேட்டைக் காட்டாமல் மறைத்துவிடும். அப்போது டிஸ்க்கின்மேல் பழி போடாமல் உள்ளே பொருத்திப் பாருங்கள். பார்க்க வேண்டியவை இவை:

உடல்நிலை: புது டிஸ்க்குக்கு 100 விழுக்காடு என்று நீல நிறத்தில் காட்ட வேண்டும். மஞ்சள் நிறம் எச்சரிக்கை, சிவப்பு நிறம் ஆபத்து.

ஓடிய மணி: 'பவர் ஆன் அவர்ஸ்' என்றிருக்கும். சுழியமோ சில மணியோ இருக்கலாம், தொழிற்சாலையில் சோதித்திருப்பார்கள். நூற்றுக்கணக்கில் இருந்தால் அது புது டிஸ்க் அல்ல.

எழுதிய அளவு: 'டோட்டல் ஹோஸ்ட் ரைட்ஸ்' என்றிருக்கும். நீங்கள் இன்னும் எதுவும் போடாதபோது அங்கே ஆயிரக்கணக்கான ஜி.பி. இருந்தால், வேறொருவர் வீட்டில் உழைத்த டிஸ்க் அது.

பிழைகள்: தரவுப் பிழை என்ற வரியும், கெட்டு மாற்றப்பட்ட பகுதிகள் என்ற வரியும் சுழியமாக இருக்க வேண்டும். 'சி.ஆர்.சி. எர்ரர்' மட்டும் கூடிக்கொண்டே போனால் முதலில் கம்பியையும் பொருத்திய விதத்தையும் சந்தேகியுங்கள். எண்ணுக்கு நடுவே ஆங்கில எழுத்து வந்தால் மிரள வேண்டாம். அது பதினாறடிமானக் கணக்கு. அமைப்பில் பத்தடிமானத்துக்கு மாற்றிக்கொள்ளலாம்.

வெப்பம்: சும்மா இருக்கும்போது 30 முதல் 45 டிகிரி வரை சாதாரணம். தகரக் கூரைக்குக் கீழே மத்தியான வெயிலில் சற்றுக் கூடும். நெடுநேரம் 70-ஐ ஒட்டியே நின்றால் காற்றோட்டம் போதவில்லை என்று பொருள்.

பார்த்ததைப் படமெடுத்துத் தேதியுடன் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் வழக்கு என்று வந்தால் அதுவே உங்கள் சாட்சி.

மூன்றாம் படி: முழுக்க நிரப்பிப் பார்த்தல்

குறிப்பேடு நன்றாக இருக்கிறது என்று இங்கேயே நின்றுவிடக் கூடாது. ஏனென்றால் குறிப்பேட்டையும் திருத்த முடியும்.

2025-ஆம் ஆண்டில் கோலாலம்பூருக்கு வெளியே ஒரு கிடங்கில் சோதனை நடந்தது. சீகேட் நிறுவனத்தாரும் உள்நாட்டு வாணிப அமைச்சின் அதிகாரிகளும் சேர்ந்து நடத்தியது. அங்கே ஏறக்குறைய 700 சீகேட் ஹார்ட் டிஸ்க்குகள் சிக்கின. பழைய டிஸ்க்குகளைத் துடைத்து, ஓடிய மணிக் கணக்கைச் சுழியமாக்கி, புது அட்டை ஒட்டி, புதுச் சரக்கு போல் விற்பனைக்குத் தயார் செய்திருந்தார்கள். இணையக் கடையில் வந்த மலிவு விலைதான் துப்பாக அமைந்தது. அவை ஹார்ட் டிஸ்க்குகள்தாம். ஆனால் பாடம் எஸ்.எஸ்.டி.க்கும் பொருந்தும். எண்ணை மட்டும் நம்பக் கூடாது.

அளவையே பொய் சொல்லும் சரக்கும் உண்டு. 2022-இல் அமெரிக்காவில் '30 டி.பி. எஸ்.எஸ்.டி.' என்று நாற்பது டாலருக்கும் குறைவாக விற்ற ஒன்றைப் பிரித்துப் பார்த்தார்கள். உள்ளே இருந்தவை கைப்பேசியில் போடும் சின்ன மெமரி அட்டைகள் இரண்டு, பசையால் ஒட்டப்பட்டிருந்தன. ஒவ்வொன்றும் 512 எம்.பி. அளவுதான். ஆனால் கணினியில் செருகினால் 30 டி.பி. என்றே காட்டியது. நாம் போடும் கோப்பின் பெயரெல்லாம் தெரியும். திறந்தால் உள்ளே ஒன்றும் இராது.

தோட்டத்தில் வாளி நிறையப் பால் இருக்கிறது என்பதற்காகக் கிராணி அப்படியே கணக்கு எழுதுவாரா? பாலில் மிதவைக் கருவியை விட்டு, உள்ளபடி எவ்வளவு ரப்பர் தேறும் என்று பார்த்த பிறகுதானே எழுதுவார்? டிஸ்க்குக்கும் அதே கணக்குத்தான்.

இதற்கு எச்-2-டெஸ்ட்-டபிள்யூ என்ற இலவச மென்பொருள் உண்டு. ஜெர்மனியின் கணினி இதழ் ஒன்றின் வழியாக வந்தது. காலியாக இருக்கும் டிஸ்க்கில் ஒவ்வொரு ஜி.பி.யாக எழுதி நிரப்பும். பிறகு எழுதியதையெல்லாம் திரும்பப் படித்து ஒப்பிடும். கடைசியில் பிழையில்லாமல் முடிந்தது என்று வந்தால் சொன்ன அளவு உள்ளே இருக்கிறது என்று நம்பலாம். சோதனைக் கோப்புகளைப் பிறகு அழித்துவிடுங்கள். சில மணி நேரம் பிடிக்கலாம். இரவில் போட்டுவிட்டுப் படுக்கலாம். இதனால் டிஸ்க் தேய்ந்துவிடாதா என்றால், 500 ஜி.பி. டிஸ்க்கை ஒருமுறை நிரப்புவது 300 டி.பி. கணக்கில் அறுநூற்றில் ஒரு பங்குதான்.

இரண்டு விஷயங்களை மட்டும் குறை என்று எண்ண வேண்டாம். முதலாவது, 500 ஜி.பி. என்று வாங்கியது கணினியில் 465 என்று தெரியும். நிறுவனம் ஆயிரம் ஆயிரமாக எண்ணுகிறது. விண்டோஸ் 1,024 என்ற கணக்கில் எண்ணுகிறது. இரண்டாவது, தொடக்கத்தில் வேகமாக எழுதிவிட்டுப் பாதியில் மந்தமாகும். மலிவு வகைகளில் வேக எழுத்துக்கு ஒதுக்கிய சிறு பகுதி நிரம்பிவிடுவதால் வருவது அது. சோதனை முடிந்ததும் குறிப்பேட்டை மறுபடியும் திறந்து, பிழை வரிகள் அதே சுழியத்தில் நிற்கின்றனவா என்று பாருங்கள்.

நான்காம் படி: உள் மென்பொருள்

எஸ்.எஸ்.டி.க்குள் அதை நடத்தும் சிறு மென்பொருள் ஒன்று இருக்கிறது. அதில் தவறிருந்தால் பேர்பெற்ற நிறுவனத்தின் அசல் சரக்கும் கெடும். ஹியூலட் பேக்கர்ட் என்டர்பிரைஸ் நிறுவனம் 2019-ஆம் ஆண்டு நவம்பரில் ஓர் எச்சரிக்கை விடுத்தது. பெரிய கணினிகளில் பொருத்திய அதன் எஸ்.எஸ்.டி.களில் சில வகைகள் 32,768 மணி நேரம் ஓடியதும் அடியோடு செத்துவிடும். உள்ளிருப்பதை மீட்கவும் முடியாது என்றது. அதாவது மூன்று ஆண்டும் 270 நாளும் 8 மணியும் ஆனவுடன்! உள் மென்பொருளைப் புதுப்பித்தவர்கள் தப்பினார்கள். 2023-ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் சாம்சுங் 990 புரோ வாங்கிய பலர், புது டிஸ்க்கின் உடல்நிலை விழுக்காடு சில வாரங்களிலேயே வேகமாக இறங்குவதைக் கண்டார்கள். நிறுவனம் அவ்வாண்டு பிப்ரவரியில் திருத்திய உள் மென்பொருளை வெளியிட்டது. அதைக் கண்டுபிடித்தவர்கள் யார்? உங்களைப் போல் முதல் வாரத்திலேயே எண்ணைக் குறித்து வைத்து, பிறகு ஒப்பிட்டுப் பார்த்தவர்கள்தாம். ஆகவே, நிறுவனத்தின் மென்பொருளில் 'புதுப்பிப்பு' இருக்கிறதா என்று பாருங்கள். புதுப்பிக்கும்போது மின்சாரம் நின்றுவிடக் கூடாது. மடிக்கணினியின் மின்கலமும் நிறைந்திருக்கட்டும்.

குறை தெரிந்தால் எங்கே போவது?

முதலில் கடைக்காரரிடம் எழுத்தில் கேளுங்கள். ரசீது, படங்கள், காணொளி எல்லாவற்றையும் காட்டுங்கள். கேட்கவில்லை என்றால் 1999-ஆம் ஆண்டுப் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் அமைந்த பயனீட்டாளர் தீர்ப்பாயம் இருக்கிறது. 'திரிபுனல் துந்துத்தான் பெங்குனா' என்று மலாயில் கேட்டால் சொல்வார்கள். 50,000 வெள்ளி வரையிலான கோரிக்கையை அங்கே வைக்கலாம். மனுக் கட்டணம் 5 வெள்ளி. வழக்கறிஞர் வைத்து வாதாடும் இடம் அல்ல அது. பாதிக்கப்பட்டவரே தம் வாயால் சொல்லலாம். விற்றவர் வெளிநாட்டில் இருந்தால் பிடிப்பது கடினம். ஆகவே, பத்து வெள்ளி கூடினாலும் உள்நாட்டுக் கடையில், ரசீதோடு, உத்தரவாதத்தோடு வாங்குவதே நல்லது.

நூறு விழுக்காடு என்றாலும்...

எல்லாச் சோதனையிலும் தேறிவிட்டது. இனிக் கவலையில்லை என்று எண்ணுகிறீர்களா? அங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். அந்த நூறு விழுக்காடு என்ற எண் தேய்மானத்தை மட்டுமே சொல்கிறது. நாளைக்குக் கட்டுப்பாட்டுச் சில்லு நின்றுபோகுமா என்பதை அது சொல்லாது. நூறு விழுக்காடு காட்டிக்கொண்டே செத்த டிஸ்க்குகள் உண்டு.

ஆதலால், பழைய ஹார்ட் டிஸ்க்கை உடனே அழித்துவிடாதீர்கள், விற்றுவிடவும் வேண்டாம். ஒரு மாதமாவது அப்படியே பத்திரமாக இருக்கட்டும். அதற்குப் பிறகும் முக்கியமானவற்றுக்கு எப்போதும் இரண்டு படி வேண்டும். முடிந்தால் ஒன்று வேறு வீட்டில், அக்கா வீட்டிலோ சித்தப்பா வீட்டிலோ இருக்கட்டும். எஸ்.எஸ்.டி.யில் படங்களைப் போட்டு அலமாரியில் பல ஆண்டுகள் பூட்டி வைப்பதும் கூடாது. மின்சாரமே படாமல் கிடந்தால் அறைகளில் உள்ள மின்னூட்டம் மெல்ல மெல்லக் கசியும். எழுதும் தவணை முடிந்த நிலையிலுள்ள வீட்டு எஸ்.எஸ்.டி. 30 டிகிரி வெப்பத்தில் ஓராண்டு தாங்க வேண்டும் என்பதே ஜெடெக் என்ற தொழில்துறை அமைப்பு வகுத்த அளவுகோல். புதியது அதைவிட நெடுநாள் தாங்கும்; ஆனாலும் சில மாதத்துக்கு ஒருமுறை எடுத்துச் செருகிப் பார்ப்பது நல்ல பழக்கம்.

இந்த வேலையைப் பிள்ளைகளிடம் ஒப்படையுங்கள், தாய்மார்களே. முதல் நாள் எடுத்த எண்களை ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதச் சொல்லுங்கள். மாதம் ஒருமுறை அதே எண்களை அதன் கீழே எழுதட்டும். ஓடிய மணியும் எழுதிய அளவும் கூடத்தான் செய்யும். பிழை வரி கூடினால் அன்றைக்கே வேறோர் இடத்தில் படி எடுத்து வைத்துவிட்டுக் கடைக்குப் போகலாம்.